மூலைப் பாண்டியின் கரணை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சங்கிலிப்பாண்டி வரும்வரை நேரான மூலை என்று ஒன்று கிடையாது. பண்டகசாலைச் சுவர்களின் முனைகளையெல்லாம் கைவண்டிகள் தின்றிருந்தன. சுக்கு மூட்டை ஏற்றிய வண்டி திரும்பும்போது ஒரு கடி கடிக்கும். பின்னால் வரும் மிளகு வண்டி மிச்சத்தைக் கடிக்கும். மேஸ்திரிமார் பூசிப் பூசி அலுத்து, கடைசியில் மூலைகளைப் பலாக்கொட்டை மாதிரி உருட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

பாண்டிதான் அந்தத் தெருவுக்கு மூலை கொடுத்தான். எங்கள் வீட்டு வாசல் மூலை பூசிக் காய்ந்த அன்று, அதில் உடம்பை உரசிய பூனை ஒரு பக்கத்து மீசையை இழந்தது. உரசியதை நான் பார்க்கவில்லை, மீசையைப் பார்த்தேன். பாக்கு வெட்டியைத் தொலைத்த ஒரு கிழவர் அந்த மூலையில் பாக்கு வைத்து நறுக்கிக்கொண்டு போனதாகவும் சொல்வார்கள். எப்படியானாலும் 'மூலைப் பாண்டி' என்று கேட்டால் படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவன்கூட வழி சொல்லும் அளவுக்கு அவன் பெயர் எடுத்தான். மூலைகள் இன்னும் நிற்கின்றன. யாருடைய தோலை உரித்து அவை நின்றன என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

அவனைக் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அழைத்து வந்தவன் ஒச்சப்பன். பாண்டியின் மனைவி மாடத்திக்கு அண்ணன். முன்பே இங்கே கொத்தனாராக இருந்தவன். படுக்க இடம், முதல் வேலை, முதல் கரணை எல்லாம் மச்சான் கொடுத்தவைதான். கரணை என்றால் சாந்தை அள்ளிச் சுவரில் அப்பும் இரும்புத் தகடு, மரப்பிடி போட்டது. அதைக் கையில் வாங்கி வருஷம் திரும்புவதற்குள், அதன் பிடியாலேயே மச்சான் பூசிய சுவரைத் தட்டிப் பார்த்தான் பாண்டி. பூச்சு சுவரோடு ஒட்டியிருந்தால் தட்டும்போது கெட்டியாகக் கேட்கும். ஒட்டாமல் நின்றால் உள்ளே காலியாகப் பொத்தென்று கேட்கும். பின்னால் கீறல் விழுவது அந்த இடத்தில்தான். பாண்டி சுவரில் காதை வைத்துக் கேட்டான். பிறகு மச்சானைத் திரும்பிப் பார்த்து, "வீட்ல ஆள் இல்ல" என்றான்.

சித்தாள்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்கு ருசித்துப்போயிற்று.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவனுக்கு ஊர் சுற்றுவதுதான் வேலை. எந்தச் சுவரில் கீறல் கண்டாலும் கரித்துண்டால் அதைச் சுற்றி வட்டம் போடுவான். பக்கத்தில் அதைப் பூசிய கொத்தனாரின் பெயர் ஏறும். தமிழில் எழுதினால் ஊர் வாசிக்காது. மலையாளம் அவனுக்கு வராது. ஆகவே மகள் பேச்சியம்மாள் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்ற உடனே கரி அவள் கைக்கு வந்தது. குழந்தை குண்டு குண்டாக எழுதும். ஒரு கொத்தனார் தன் பெயரை வேட்டியால் துடைக்கப் போய், சுவரில் இருந்த பெயர் வேட்டியில் ஏறி, சலவைக்குப் போட்டும் போகாமல், கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

மூலைக்கு வழி கிடைத்தது நூர் முகம்மது முதலாளியின் கிடங்கில். முதலாளி தமிழ் பேசும் ராவுத்தர். தேயிலையும் சுக்கும் வியாபாரம். கிடங்கின் பின்னால் உடைந்த தேயிலைப் பெட்டிகள் குவிந்து கிடந்தன. பெட்டியின் ஒவ்வொரு விளிம்பிலும், இரண்டு பலகை சேரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு, மடித்த தகரப் பட்டை ஒன்று ஆணியடித்திருக்கும். பாண்டி ஒரு பட்டையைப் பெயர்த்துச் சுவரின் மூலையில் வைத்துப் பார்த்தான். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

அதுவரை ஒரு மூலை பூசுவது பெரும்பாடு. ஒரு பக்கம் பலகை கட்டி மறுபக்கம் பூச வேண்டும். அது காய்ந்தபின் பலகையை மாற்றிக் கட்டி இந்தப் பக்கம். பாண்டி மூலை நெடுக அங்கங்கே ஒரு கை சாந்தை அப்பி, அதில் பட்டையை அமுக்கினான். நூலில் தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்தான். சாந்து இறுகியதும் இரண்டு பக்கமும் பட்டையின் விளிம்பு வரைக்கும் பூசிக்கொண்டு வந்தான். காலையில் தொடங்கியது மத்தியானச் சாயாவுக்குள் முடிந்தது. அடுத்த வாரம் ஒரு மிளகு வண்டி அந்த மூலையில் மோதியது. மூலைக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்காரன்தான் அச்சு மாற்றினான்.

ஆனால் மட்டாஞ்சேரிக் காற்றில் உப்பு இருக்கிறதே. மூன்றாவது மழைக்காலத்தில் அந்த மூலைகளெல்லாம் வெற்றிலை போட்ட வாய்கள் போல ஆயின. தகரம் உள்ளே துருப்பிடித்து, துரு பொங்கி, மேலிருந்து கீழ்வரை பூச்சைப் பிளந்துகொண்டு வந்தது. ஒச்சப்பன் வந்து நின்றான். அவன் யார் பெயரையும் எழுதவில்லை. விரலை மடக்கிச் சுவரைத் தட்டிவிட்டு, "வீட்ல ஆள் இருக்கு மாப்ளே. துரு குடியிருக்கு" என்றான்.

இப்போது தெருவே சிரித்தது. பாண்டியும் சேர்ந்து சிரித்தான். அவன் சேர்ந்து சிரித்ததைப் பார்த்து மாடத்தி மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அதற்கும் மருந்தைத் தேடிப் பிடித்தான் பாண்டி. படகுத்துறைக்குப் பக்கத்தில் தோணிகளுக்குப் பூசுவார்களே, முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து வடியும் கறுப்பு எண்ணெய். அண்டியெண்ணெய் என்பார்கள். உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்கில் கிடக்கும் தோணியையே அது காப்பாற்றுகிறது என்றால் ஒரு தகரத்தைக் காப்பாற்றாதா? பட்டையை அதில் முக்கி எடுத்து, பிசுபிசுப்பு இருக்கும்போதே காய்ந்த ஆற்று மணலில் புரட்டிக் காயவைத்தான். எண்ணெய் துருவைத் தடுத்தது. மணல் சாந்தைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பட்டை வைத்த மூலைகள்தான் இன்றைக்கும் நிற்கின்றன.

பகலில் பாண்டிக்குச் சாந்துச் சட்டி சுமக்கும் மாடத்திக்குத்தான் முக்குகிற வேலையும். கொல்லைப்புறத்தில் ஒரு தொட்டி, அடியில் கொஞ்சம் தீ. அண்டியெண்ணெய் பட்டால் தோல் முதலில் அரிக்கும், பிறகு நீர் கோத்துக் கொப்புளிக்கும், பிறகு உரியும். உரிந்த இடத்தில் மறுநாள் மறுபடியும் எண்ணெய். அவள் ஒருநாள் கந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். பாண்டி அதை அவிழ்த்தான்.

"துணி சுத்துனா எப்படித் தெரியும்? வெறுங்கையில பிடிச்சாத்தான தெரியும், எங்க எண்ணெய் ஏறல, எங்க ஓட்டைன்னு."

"கை வேகுதுங்க."

"சுவரு நிக்குதுல்ல?"

அவள் கை கறுத்தது. ரேகைகள் அழிந்தன. ரேஷன் கடையில் பெருவிரலை உருட்டினால் வெறும் மைத் திட்டுதான் விழுந்தது. கடைக்காரன் மறு கையைக் கேட்டான், அதுவும் அப்படியே. சோறு பிசைந்தால் உப்பும் புளியும் தீயாக எரியும். அதனால் ஒரு ஸ்பூன் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். "மதாம்மா ஊணு கழிச்சோ?" என்று, வெள்ளைக்காரச் சீமாட்டி சாப்பிட்டாயிற்றா என்று, குழாயடியில் கேட்பார்கள். அவளும் "கழிச்சு" என்பாள். பேச்சியின் தலையை மட்டும் வாரிவிடுவதில்லை. சொரசொரத்த விரலில் மயிர் சிக்கிக் குழந்தைக்கு வலிக்கும்.

அதற்கு மேல் இன்னொரு வேலையும் இருந்தது. சாயந்தரம் பாண்டி வந்ததும் கரணையைக் கழுவ வேண்டும். மரப்பிடி வெடிக்காமல் இருக்கத் தேங்காயெண்ணெய் தடவி, வாசல் நிலையில் அடித்த ஆணியில் மாட்ட வேண்டும். பிடி வழவழப்பாக இல்லையென்றால் அதே பிடி அவள் முதுகில் விழும்.

பட்டையின் ரகசியத்தை யார் கேட்டாலும் பாண்டி தன் பாட்டன் கொடுத்த மந்திரம் என்று சொல்லிவிடுவான். ஒச்சப்பனுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. சுவர் பூசக் கூப்பிடுவார்கள், மூலைக்குப் பாண்டி வேண்டும் என்பார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தான்.

"மாப்ளே, எனக்கும் பிள்ளைக இருக்கு. அந்தப் பட்டை சமாச்சாரத்தக் கொஞ்சம் சொல்லிக் குடு. உன் தெருவுக்கு நான் வரல. போர்ட் கொச்சியில ஒரு லாட்ஜ் பணி கிடைச்சிருக்கு. அது மட்டும் மதி, போதும்."

பாண்டி மீன் தலையை உறிஞ்சி முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தான்.

"முக்கறதுல ஒண்ணுமில்ல மச்சான். அது சும்மா நாத்தத்துக்கு. விஷயம் ஒட்டறதுல இருக்கு. நீங்க சாந்து வச்சு ஒட்டிக்கிட்டு அது இறுகுறதுக்குக் காத்துக் கிடப்பீக. நான் காக்கறதில்ல. எலும்பு முறிஞ்சா ஆஸ்பத்திரியில மாவுக் கட்டு போடறாம்லா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அதக் கரச்சு அங்கங்க அப்பி ஒட்டுங்க. சாயா ஆறுறதுக்குள்ள கல்லு."

"சிமெண்டோட அது சேருமாடே?"

"எலும்போடயே சேருது."

அடுப்படியில் மாடத்தி திரும்பினாள். அந்த மாவு மழை ஈரம் குடித்தால் சிமெண்டோடு சேர்ந்து பொங்கி வெடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். கொல்லைச் சுவரில் பாண்டி அதைச் சோதித்துப் பார்த்து, வெடித்ததைச் செதுக்கி எறிந்தபோது அள்ளிக் கொட்டியவளே அவள்தான்.

"மாடத்தி, உங்கண்ணனுக்குச் சோறு வை" என்றான் பாண்டி. சத்தம் போடவில்லை. அந்தக் குரலுக்கு அவள் உடம்பில் அடையாளங்கள் இருந்தன. அவள் சோறு வைத்தாள். சாப்பிட்டு முடித்த மச்சானைப் பாண்டியே கூட நடந்து போய், தோளில் கை போட்டுக்கொண்டு, பஸ் ஏற்றிவிட்டு வந்தான். அண்ணனைத் தனியாகப் பிடித்து ஒரு சொல் சொல்ல அவளுக்கு இடமே கிடைக்கவில்லை.

லாட்ஜ் மூலைகள் கண்ணாடியாக வந்தன. ஒச்சப்பன் வேலை செய்த வேகத்தைப் பார்த்து லாட்ஜ்காரர் அவனுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார். ஜூன் மாதம் இடவப்பாதி மழை பிடித்ததும் அத்தனை மூலைகளும் நெல் பொரிவது போலப் பொரிந்தன. மாடியில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்து, கீழே இட்லி தின்றுகொண்டிருந்தவரின் சாம்பாரில் நீந்தியதாம். லாட்ஜ்காரர் ஒச்சப்பனின் சாமான்களைப் பிடுங்கி வைத்துக்கொண்டு துரத்தினார். அதன்பின் கொச்சியில் அவனைக் கரணை பிடிக்க யாரும் கூப்பிடவில்லை. ஏலூர்ப் பக்கம் போய் ஒரு தொழிற்சாலையில் உர மூட்டை தூக்கினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாண்டி மகளை லாட்ஜுக்கு அழைத்துப் போனான்.

"எழுது."

"மாமா பேரு எழுதறது மறந்துபோச்சுப்பா."

அவள் காதைப் பிடித்து, ஞாபகம் வரும்வரை திருகினான். ஞாபகம் வந்தது. பேச்சி அழுதுகொண்டே எல்லா மூலையிலும் மாமா பெயரைக் குண்டு குண்டாக எழுதினாள்.

எண்பத்திரண்டில் நூர் முகம்மது முதலாளி சுள்ளிக்கல்லில் புது வீடு கட்டினார். மகள் ரபியாவின் நிக்காஹ் அந்த வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று பிடிவாதம். எங்கே பார்த்தாலும் மூலை: தூண்கள், வளைவுகள், ஜன்னல்கள். மாடத்தி ராப்பகலாக முக்கினாள். ஒருநாள் பாண்டி ஒரு பட்டையை வெயிலில் திருப்பிப் பார்த்து, எண்ணெய் ஏறாத ஒரு பொட்டைக் கண்டுபிடித்தான். கடுகளவு.

"உன் கை செத்துப்போச்சுளா. ஓட்டை தெரியல. பேச்சி கை பிஞ்சுக் கை, மசுரு பட்டாலும் தெரியும். இனி அவ முக்கட்டும்."

பேச்சிக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியிருந்தாள். மாடத்தி தன் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"இந்த வீடு முழுக்க நானே முக்குதேன். ஒரு பொட்டு விடமாட்டேன். பேச்சிய விட்டுருங்க."

பாண்டிக்குப் பந்தயம் என்றால் இஷ்டம். "சரி. இந்த வீட்ல ஒரு கீறல் விழாம மழை போச்சுன்னா அவ தொட்டிப் பக்கமே வரவேண்டாம். ஒரு கீறல் விழுந்துச்சு, அவ கை தொட்டியில."

அன்றிலிருந்து அந்த வீட்டுச் சுவருக்கு மாடத்தியைப் போல ஒரு காவல் வாய்த்ததில்லை. விரலில் உணர்ச்சி இல்லை என்பதால் காய்ந்த பட்டை ஒவ்வொன்றையும் உதட்டால் தடவிப் பார்த்தாள். உதடு வீங்கி வெடித்தது. வெற்றிலை போடாமலே சிவக்கிறது உனக்கு என்று பெண்கள் கேலி செய்தார்கள். பூச்சு சீக்கிரம் உலர்ந்தால் கீறும், வீட்டுக் கிணற்றில் உப்பு, அது சுவரைத் தின்னும் என்று தெருக் குழாயிலிருந்து குடம் குடமாக நல்ல தண்ணீர் சுமந்து சுவரை நனைத்தாள். சாக்குகளை நனைத்துச் சுவருக்குப் போர்த்தினாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் துணி போடுவது போல அவற்றை மாற்றி மாற்றிப் போட்டாள்.

கரியில் பெயர் ஏறிய கொத்தனார்கள் எல்லாரும் இதைக் கேள்விப்பட்டு, தினமும் சாயந்தரம் வந்து மதில் மேல் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு கீறல். அது விழுந்தால் பேச்சிக்கு என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தார்கள்.

கூடத்தில் கான்கிரீட் உத்தரமும் அதன் கீழே வெட்டுக்கல் சுவரும் சேர்கிற இடம் ஒன்று. கல் ஒரு மாதிரி சுருங்கும், கான்கிரீட் ஒரு மாதிரி சுருங்கும். அதனால் அந்தச் சேர்மானத்தின் மேல் கோழி வலையை நீளமாக ஆணியடித்துவிட்டுத்தான் பூசுவார்கள். மாடத்தி கீழே நின்று கேட்டாள்.

"கோழி வலை வேண்டாமா?"

"கோழி வளக்கற வீடாளா இது?" என்றான் பாண்டி சாரத்தின் மேலிருந்து. கல்யாணத் தேதி நெருங்கியதால் முதலாளி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். மதில் மேல் இருந்தவர்கள்கூட இதற்குச் சிரித்தார்கள். வலை இல்லாமலே பூசினான்.

மழை வந்தது. மூலை ஒன்றுகூட அசையவில்லை. கூடத்தில்தான், உத்தரத்தின் அடியில், ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை மயிரிழை போல ஒரு கீறல் ஓடியது.

நூர் முகம்மது முதலாளி அதைப் பார்த்துக் கோபப்படவில்லை. ரசித்தார். அவர் கிடங்குச் சுவரிலும் ஒருகாலத்தில் பாண்டி வட்டம் போட்டிருக்கிறான்.

"என்னடா பாண்டி, இதுக்கு யார் பேர எழுதறது? ஊர்ல எல்லார் பேரும் ஆயிப்போச்சு. ஒரு பேருதானே பாக்கி?"

அம்மாவுக்குத் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்த பேச்சி வாசலில் நின்றாள். முதலாளி அடுப்பிலிருந்து ஒரு கரியை எடுத்துவரச் சொன்னார். "வா மோளே. உனக்குத்தான் எழுத்து வடிவா வரும்."

மதில் மேல் இருந்தவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். பேச்சி அப்பாவைப் பார்த்தாள். பிறகு சாரத்தில் ஏறினாள். கீறலைச் சுற்றி வட்டம் போட முடியாது, அவ்வளவு நீளம். அதனால் அடியில் ஒரு கோடு இழுத்து, ஒரு பிசகும் இல்லாமல், 'சங்கிலிப்பாண்டி' என்று மலையாளத்தில் எழுதினாள். ஒரு கொத்தனார் விரலை மடக்கித் தூணைத் தட்டி, "ஆளுண்டோ?" என்று கேட்டார்.

பாண்டி மகள் இறங்கும்வரை காத்திருந்தான். இறங்கியதும் அவள் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"நல்லா எழுதின. இந்தக் கீறல அடச்சு முடிச்ச மறுநாள் இந்தக் கை தொட்டியில."

"கீறல் மூலையில இல்லையே. பட்டைக்கும் அதுக்கும் என்ன இருக்கு" என்றாள் மாடத்தி.

"கீறல் கீறல்தான். வாக்கு வாக்குதான்."

அன்று சாயந்தரம் வழக்கம்போல மாடத்தி அவன் கரணையைக் கழுவினாள். பிடியைத் துடைத்தாள். தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைத் தாண்டிக் கொல்லைக்குப் போனாள். மரம் குடிக்கும் அளவுக்குக் குடிக்கட்டும் என்று அண்டியெண்ணெயைப் பிடியில் ஊற வைத்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்து, வழவழப்பாக்கி, ஆணியில் மாட்டினாள். ஓரத்தில் வாசனைக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டுவைத்தாள்.

கீறலை அடைப்பதும் லேசான வேலை இல்லை. உத்தரத்தின் அடியில் பூச்சை நீளமாகச் செதுக்கி, தூசி தட்டி, நனைத்து, கோழி வலையை இரு பக்கமும் படும்படி ஆணியடித்து, அதன் மேல் இரண்டு தடவை பூச வேண்டும். பாண்டி காலையிலிருந்து கரணையைக் கையில் பிடித்தபடியே நின்றான். முதல் நாள் உள்ளங்கை அரித்தது. இரண்டாவது நாள் நீர் கோத்தது. "இந்தச் சிமெண்டு நல்லதில்ல" என்று சொல்லிக்கொண்டான். சாயந்தரம் மாடத்தி கரணையைக் கழுவி, மறுபடியும் பிடியை ஊறவைத்தாள். கொப்புளம் உடைந்த கையில் மறுநாள் சிமெண்ட் ஈரமும் சேர்ந்துகொண்டது. கை பன் ரொட்டி போல உப்பிற்று. ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் சிமெண்டுச் சொறி என்று ஒரு களிம்பு கொடுத்தார். அதைப் பூசிவிட்டதும் மாடத்திதான், அவ்வளவு பொறுமையாக.

வலை அடித்து, ஒரு தடவை பூச்சு பாதியில் நிற்கும்போது, முதலாளி பார்த்துக்கொண்டிருக்கவே கரணை அவன் கையிலிருந்து விழுந்தது. அதோடு உள்ளங்கைத் தோலும் போயிற்று. பாண்டி சாரத்தில் உட்கார்ந்து, கையைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, இருமுவது போல ஒரு சத்தம் போட்டான்.

"நிக்காஹ் வெள்ளிக்கிழமை" என்றார் முதலாளி. கொத்தனார்களைப் பார்த்தார். "யாராவது முடிச்சுக் குடுங்கப்பா."

"பாண்டிப் பேரு எழுதின சுவரு முதலாளி. நாங்க தொட்டா எங்க பேரும் சேந்துரும்" என்றார் ஒருவர். மற்றவர்கள் பீடி பற்றவைத்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மாடத்தி சாந்துச் சட்டியைக் கீழே வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினாள். விழுந்த கரணையை எடுத்தாள். அதன் பிடி அவளை ஒன்றும் செய்யவில்லை. அந்த எண்ணெய் எடுக்க வேண்டிய தோலையெல்லாம் முன்பே எடுத்துவிட்டது. அவள் கையில் இனி அதற்கு வேலை இல்லை. வருஷக்கணக்காகக் கீழே நின்று பார்த்த கைவீச்சு அவளுக்கு அப்படியே வந்தது. உத்தரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பூசி, மட்டப்பலகையால் தேய்த்து, நனைத்த சாக்கைப் போர்த்திவிட்டுத்தான் இறங்கினாள். நிக்காஹ் அன்று சுவர் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அந்தக் கூடத்தில் பிரியாணி சாப்பிட்ட யாரும் மேலே பார்க்கவில்லை. அந்தக் கொத்தனார்கள் மட்டும் வருஷா வருஷம் மழை முடிந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். கீறல் வரவில்லை.

வேலை முடிந்த சாயந்தரம் வீட்டில் பாண்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மாடத்தி கரணையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அவனைத் தாண்டும்போது அந்த வாசனை அடித்தது. கழுவியதில் தேங்காயெண்ணெய் போய்விட்டிருந்தது. பாண்டி மூக்கைத் தூக்கினான். வாசனை அவனுக்குத் தெரியாததா.

"பிடியில என்ன போட்ட?"

அவள் கரணையைத் திருப்பி, பிடி அவன் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

"பிடிச்சுப் பாருங்க. வெறுங்கையில பிடிச்சாத்தான தெரியும்."

அவன் கையைத் தூக்கினான், அடிக்கத்தான். விரல் மடங்கவில்லை. மடக்கியதும் வெடித்த தோலிலிருந்து நீர் வடிந்தது. கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டான்.

"பேச்சி நாளைக்குப் பள்ளிக்கூடம் போறா" என்றாள் மாடத்தி. அவனிடம் கேட்டது மாதிரி இல்லை.

சோறு வைத்தாள். பாண்டி பிசைந்தான். ரசம் பட்டதும் கையை உதறினான். மாடத்தி எழுந்து போய், இத்தனை வருஷம் தான் சாப்பிட்ட ஸ்பூனை எடுத்துவந்து அவன் தட்டில் போட்டாள். ஊறுகாயும் வைத்தாள்.

கை ஆறும், வேறு கரணை வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் பாண்டி இருந்தான். ஆறியதும் வாங்கினான். ஆனால் ஒருமுறை அந்த எண்ணெய் நன்றாக இறங்கிய தோல் பிறகு சிமெண்டையும் தாங்கவில்லை. ஈரச் சாந்து பட்டதும் பழைய கொப்புளங்கள் எல்லாம் பெயர் கூப்பிட்டது போல எழுந்து வந்தன. மூலை வேலைக்கு ஆள் கேட்டு வருகிறவர்கள் மாடத்தியிடம் பேசிவிட்டுப் போனார்கள். அவள் ஏலூருக்கு ஆள் அனுப்பி அண்ணனை வரவழைத்தாள். சுவர் ஒச்சப்பன் பூசுவான், மூலை அவள் பூசுவாள். முக்குவதையும் அவளே செய்தாள், எண்ணெய் இனி ஒன்றும் செய்ய முடியாத கை அவளிடம்தான் இருந்தது. தலையில் துணியைச் சுருட்டி வைத்து, கைகளைக் கந்தலால் கட்டிக்கொண்டு, சாந்துச் சட்டி சுமந்தது பாண்டி. சட்டியை இறக்கி வைக்கும் ஒவ்வொரு தடவையும் ஒச்சப்பன், "மெதுவா மாப்ளே, கை பத்திரம்" என்பான். அதை அவன் ஒருநாளும் அலுக்காமல் சொன்னான்.

பேச்சி படித்து முடித்து, பிறகு ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட் ஆனாள். அவள் விரல் பத்தும் இன்றைக்கும் வெண்டைக்காய் மாதிரி இருக்கும். அப்பாவைப் பார்க்க வரும்போது அந்தக் கையால் அவனுக்கு ஊட்டிவிட மாட்டாள். ஸ்பூனைக் கழுவிக் கொடுப்பாள்.

மாடத்தி ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. சாயந்தரம் கரணையைக் கழுவி, பிடியில் அண்டியெண்ணெய் தடவி, வாசல் நிலையில் அதே ஆணியில் மாட்டுவாள். அதற்குக் கீழேதான் பாண்டியின் பாய். தூக்கத்தில் கை அந்தப் பக்கம் போய்விடக் கூடாதே என்று, இரண்டு கைகளையும் மார்பில் கட்டி, வேட்டியால் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் அவன் படுப்பான். முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று மாடத்தி ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு விளக்கை அணைப்பாள்.